விடிய விடிய வில்லுப்பாட்டு எடுக்க ஒரு சின்ன ஹேண்டிகேம்

நான் தையல்காரி. சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் கடை வைத்திருக்கிறேன். வீடியோ எடுப்பது என் தொழில் இல்லை. என் மாமனாரின் தம்பி, எங்களுக்குச் சின்ன மாமா, வில்லுப்பாட்டில் குடம் அடிப்பவர். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. எங்கள் பக்கம் கோயில் திருவிழாவைக் கொடை என்போம். ஒரு கொடையிலாவது அவர் அடிப்பதை முழுசாக எடுத்து வைக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் ஆசைப்பட்டார். அந்த ஆசை எப்படியோ என் தலையில் வந்து விழுந்தது.

முதல் தடவை போனில் எடுத்தேன். சுடலைமாடன் கதை சூடு பிடிக்கிற நேரத்தில் யாரோ ரவிக்கை தைத்தாச்சா என்று கேட்டுப் போன் போட்டார்கள், பதிவு அங்கேயே நின்றது. நான் அதைக் கவனிக்கவில்லை. கவனித்து மறுபடி போட்டால், போன் தோசைக்கல் மாதிரி சூடாகித் தானே அணைந்துவிட்டது. அதன்பிறகுதான் ஹேண்டிகேம் தேடினேன். இரண்டு கொடை எடுத்துவிட்டேன். முதலாவதில் செய்யக்கூடாததை எல்லாம் செய்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

ஹேண்டிகேம் என்பது சோனி 1985-இல் தன் சின்ன வீடியோ கேமராவுக்கு வைத்த பெயர். நம் ஊரில் எந்தக் கம்பெனி கேமராவானாலும் ஹேண்டிகேம்தான். நானும் அப்படியே சொல்கிறேன்.

யாருக்கு இது வேண்டும், யாருக்கு வேண்டாம்

பிள்ளையின் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுவதை எடுக்க வேண்டுமா? போனே போதும். வெளிச்சம் குறைந்த இடத்தில், பக்கத்தில் நின்று எடுப்பதற்கு இப்போதுள்ள நல்ல போன் விலை குறைந்த ஹேண்டிகேமை விட நன்றாகவே எடுக்கும். காரணம் எளியது. இந்தச் சின்ன கேமராக்களின் உள்ளே இருக்கிற சென்சார் பொட்டுக்கடலை அளவுதான். இருட்டில் படம் முழுக்க மணல் தூவியதுபோல் புள்ளி புள்ளியாக வரும். விற்கிறவர் இதைச் சொல்ல மாட்டார்.

ஆனால் தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்க, ஒரே இடத்தில் மணிக்கணக்காக ஓட, நடுவில் போன் அடிக்காமல் இருக்க இதற்கு ஈடு இல்லை. போட்டோ எடுக்கிற பெரிய கேமராவிலும் வீடியோ வரும்தான். கொஞ்ச வருஷத்துக்கு முன்னால் வந்தவற்றில் பல 29 நிமிடம் 59 நொடியில் தானாக நின்றுவிடும். அரை மணி நேரத்துக்கு மேல் பதிவு செய்தால் அது வீடியோ கேமரா கணக்கில் வந்து ஐரோப்பாவில் கூடுதல் சுங்கவரி விழும் என்று அப்போது கம்பெனிகளே போட்ட வேலி அது. ஹேண்டிகேமுக்கு அந்த வேலி கிடையாது. கார்டும் கரண்டும் இருக்கிற வரை ஓடும். கொடை, ஆண்டு விழா, பட்டிமன்றம், கபடி, பறவை என்று ஓரிடத்தில் காத்துக்கிடக்கிற வேலை எதுவானாலும் இதுதான் சரி.

வாங்கும்போது

முதலில் வாங்கக் கூடாததைச் சொல்லிவிடுகிறேன். ஆன்லைனில் ஆறாயிரம், ஏழாயிரம் ரூபாய்க்கு ‘4கே’, ‘48 மெகாபிக்சல்’, ‘16எக்ஸ் ஜூம்’, ‘நைட் விஷன்’ என்று பெரிய எழுத்தில் போட்டு, கூடவே மைக், ரிமோட், பை எல்லாம் தருவதாக ஒரு வகை வரும். பெயர் ஒவ்வொரு மாதமும் மாறும், டப்பா ஒன்றுதான். 16எக்ஸ் என்பதற்குப் பக்கத்தில் சின்னதாக ‘டிஜிட்டல்’ என்று இருக்கும். டிஜிட்டல் ஜூம் என்றால் லென்ஸ் எதையும் இழுக்கவில்லை, எடுத்த படத்தை வெட்டிப் பெரிதாக்குகிறது, அவ்வளவுதான். அரை மீட்டர் துணியை இழுத்து ஒரு மீட்டர் என்று விற்கிற கதை. பலவற்றில் லென்ஸ் நகரவே நகராது, போகஸும் ஒரே இடத்தில் நிற்கும். பக்கத்து வீட்டுப் பையன் ஒன்று வாங்கினான். இப்போது அதை வைத்து அவன் தங்கச்சி விளையாடுகிறாள்.

பார்க்க வேண்டிய வார்த்தை ‘ஆப்டிகல் ஜூம்’. சோனி சிஎக்ஸ்405-இல் அது 30 மடங்கு, பானசோனிக் வி180-இல் 50 மடங்கு, கேனான் லெக்ரியா எச்எஃப் ஆர்806-இல் 32 மடங்கு. மூன்றுமே உள்ளங்கையில் அடங்குபவை, புதிதாகப் பழகுகிறவர்களுக்கென்றே செய்தவை. இப்போது பெரும்பாலும் பழசாகத்தான் தேட வேண்டியிருக்கும். 30-க்கும் 50-க்கும் இடையில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 30-ஐத் தாண்டினால் ஸ்டாண்டு இல்லாமல் எதுவும் நிற்காது.

ஜூமை விட நான் முக்கியமாகச் சொல்வது மைக் துளை. வெளியிலிருந்து மைக்கைச் செருகுகிற 3.5 மில்லிமீட்டர் துளை. மேலே சொன்ன மூன்றில் கேனானில் மட்டும்தான் அது உண்டு, ஹெட்போன் துளையும் உண்டு. நான் வாங்கியதில் இல்லை. அப்படி ஒன்று தேவைப்படும் என்றே அப்போது எனக்குத் தெரியாது. அதற்குப் பதில் ஒரு வழி கண்டுபிடித்தேன், பின்னால் சொல்கிறேன்.

பழசு வாங்குவதில் தப்பே இல்லை. கல்யாண வீடியோ எடுக்கிறவர்கள் பெரிய கேமராவுக்கு மாறும்போது பழைய ஹேண்டிகேமை அலமாரியில் போட்டிருப்பார்கள். பாளையங்கோட்டையில் அப்படி ஒருவரிடம்தான் வாங்கினேன். இரண்டு பேட்டரியோடு 8,500 ரூபாய். கேஸட் போடுகிற மினிடிவி (MiniDV) வகை, சின்ன டிவிடி போடுகிறவை, உள்ளே ஹார்டுடிஸ்க் சுற்றுகிறவை ஆகிய மூன்றையும் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். கேஸட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஏற்ற ஒரு தனித் துளை வேண்டும், இப்போதைய கம்ப்யூட்டர்களில் அது இல்லை. பழைய சோனி சிலவற்றில் அவர்களுடைய மெமரி ஸ்டிக் மட்டுமே போகும். கையில் ஒரு எஸ்டி கார்டு எடுத்துப்போய்ச் செருகிப் பார்த்துவிடுங்கள்.

துணியை வெளிச்சத்துக்குப் பிடித்து இழை பார்ப்பதுபோல லென்ஸையும் பார்க்க வேண்டும். கேமராவை அணைத்து, மூடியைத் திறந்து, போன் டார்ச்சைச் சாய்வாக அடித்தால் உள்ளே சிலந்தி வலை மாதிரி வெள்ளை இழை தெரிகிறதா? அது பூஞ்சை. துடைத்துப் போகாது, விட்டுவிடுங்கள். வெளிக் கண்ணாடியில் ஒரு சின்னக் கீறல் இருந்தால் பரவாயில்லை. அடுத்து, திரையைத் திறந்து மூடித் திறந்து, சுழற்றிப் பாருங்கள். ஏதாவது ஒரு கோணத்தில் படம் துள்ளினால் உள்ளே இருக்கிற பட்டை வயர் போகப் போகிறது என்று அர்த்தம். ஜூமை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெதுவாக ஓட்டி, காதை வைத்துக் கேளுங்கள். கரகரவென்றால் வேண்டாம். லென்ஸை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் பதிவு செய்து பெரிய திரையில் போட்டால், பழுதான புள்ளி எல்லாம் நட்சத்திரம் மாதிரி மின்னும். ஒன்றிரண்டு இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். அடியில் ஸ்டாண்டு மாட்டுகிற திருகு தேய்ந்திருக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள். நான் இதை மட்டும் பார்க்க மறந்தேன். நல்லவேளை, தேயவில்லை.

இன்னொன்று, மெனுவில் நொடிக்கு எத்தனை படம் என்கிற இடத்தில் ‘50ஐ’ அல்லது ‘50பி’ என்று இருக்கிறதா, ‘60’ என்று இருக்கிறதா? நம் ஊர் கரண்டு 50 ஹெர்ட்ஸ். அதனால் ட்யூப்லைட் நொடிக்கு 100 தடவை மினுங்கும். நம் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். அமெரிக்காவிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர் கொண்டுவந்த 60 கணக்குக் கேமராவில் ஒரு கல்யாணம் முழுக்க எடுத்தார்கள். மண்டபத்து வெளிச்சத்தில் படம் விட்டு விட்டு மங்கியது, மாப்பிள்ளை முகத்துக்குக் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை ஓடிக்கொண்டே இருந்தது. ஏற்கெனவே அப்படி ஒன்று வீட்டில் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். ஷட்டரைக் கையால் வைக்க வழியிருந்தால் 1/50 அல்லது 1/100-இல் வைத்தால் பட்டை போய்விடும்.

கார்டு, பேட்டரி, ஸ்டாண்டு

கார்டுக்கு ஒரு சின்னக் கணக்கு. எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு எவ்வளவு பதிவாகிறது என்கிற அளவு. 24 எம்பிபிஎஸ் தரத்தில் ஒரு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட 11 ஜிபி, 17 எம்பிபிஎஸ் தரத்தில் ஏழே முக்கால் ஜிபி ஆகும். இரவு ஒன்பதுக்கு ஆரம்பித்து நாலு மணி வரைக்கும் வில்லடித்தால் ஏழு மணி நேரம். 17-இல் வைத்தால் ஒரே 64 ஜிபி கார்டில் மொத்தமும் அடங்கும், நடுவில் கார்டு மாற்ற வேண்டியதில்லை. டிவியில் பார்ப்பதற்கு 17-க்கும் 24-க்கும் வித்தியாசம் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. கபடி, கரகாட்டம் மாதிரி வேகமாக ஆடுவதற்கு மட்டும் கூடின தரத்தில், முடிந்தால் 50பி-யில் (நொடிக்கு 50 முழுப் படம்) வையுங்கள்.

வாங்கிய கார்டை அப்படியே நம்பாதீர்கள். 64 என்று எழுதிய கார்டுக்குள் 8 மட்டும் இருக்கிற போலிகள் உண்டு. எட்டு ஜிபி வரை ஒழுங்காக ஏறும், அதற்கு மேல் போனதெல்லாம் காற்றில் போனது. முதல் நாளே வீட்டில் நாற்காலியைப் பார்த்துக் கேமராவை வைத்து, கார்டு நிறையும் வரை ஓட விடுங்கள். பிறகு கடைசிப் பத்து நிமிடத்தைப் போட்டுப் பாருங்கள். நாற்காலி தெரிந்தால் கார்டு நல்லது. கார்டை எப்போதும் கேமராவுக்குள் வைத்தே ஃபார்மட் செய்யுங்கள், கம்ப்யூட்டரில் வேண்டாம்.

பேட்டரி மூன்று வேண்டும். அல்லது கரண்டு போட்டுக்கொண்டே பதிவாகிறதா என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சில மாடல் அணைத்திருந்தால்தான் சார்ஜ் ஏறும், சிலவற்றில் ஓடும்போதே ஏறும். கொடையில் கரண்டு எடுப்பதென்றால் மைக்கும் ஸ்பீக்கரும் போடுகிற ரேடியோ செட் அண்ணாச்சியிடம்தான் கேட்க வேண்டும். அவரை முதலிலேயே பிடித்து வைத்துக்கொள்வது பல வகையில் நல்லது.

ஸ்டாண்டுக்குக் காசு பார்க்காதீர்கள். கேமரா எடை சோப்புக்கட்டி அளவுதான் என்று லேசான ஸ்டாண்டு வாங்கினால், பிள்ளைகள் ஓடும்போது தரை அதிர்வதுகூடப் படத்தில் தெரியும். என்னிடம் இருப்பதும் லேசானதுதான். நடுவில் உள்ள கொக்கியில் ஒரு மஞ்சள் பையைக் கட்டி, அதில் இரண்டு செங்கல் போட்டுவிடுகிறேன்.

பழகுவது

கேமரா வந்த முதல் வாரம் நான் எடுத்ததை இப்போது பார்த்தால் சிரிப்பு வருகிறது. தண்ணீர் பாய்ச்சுகிற மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசியிருக்கிறேன். கிட்டே போகிறது, எட்ட வருகிறது, எதுவும் ஒரு இடத்தில் நிற்கவில்லை. பார்க்கிறவர்களுக்குத் தலை சுற்றும். அப்புறம் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். பட்டனை அமுக்கு, மனசுக்குள் பத்து எண்ணு, நிறுத்து. ஜூம் பண்ண வேண்டுமா? நிறுத்திவிட்டுப் பண்ணு, பிறகு மறுபடி அமுக்கு.

இதைப் பழக எனக்கு வாய்த்த இடம் பத்தமடை. அங்கே எனக்குத் தெரிந்த ஒரு பாட்டிம்மா பாய் முடைகிறவர். அவர் வீட்டுத் திண்ணையில் ஒரு மத்தியானம் உட்கார்ந்தேன். முதலில் முழுத் தறியும், அவரும், பின்னால் சாத்தியிருக்கிற சாயக்கோரைக் கட்டும் தெரிகிற மாதிரி ஒன்று. அடுத்து கை மட்டும். நீளமான குச்சி ஒன்றின் நுனியில் கோரையை மாட்டிப் பாவு நூலுக்குள் விடுகிறார், மறுகரையில் விரலால் மடக்குகிறார், கட்டையை இழுத்து ‘தப்’ என்று நெருக்குகிறார். மூன்றாவது, முகம். நெருக்கும்போதெல்லாம் அவர் உதட்டை உள்ளே மடிப்பார். அதை நேரில் பத்து வருஷமாகப் பார்த்தும் நான் கவனித்ததில்லை. முழுசு, கை, முகம் என்று இந்த மூன்றையும் பத்துப் பத்து நொடி எடுத்து அடுக்கினால் அரை நிமிடத்தில் பாய் முடைவது எப்படி என்று யாருக்கும் புரியும். ஒரே ஷாட்டில் பத்து நிமிடம் சுற்றி எடுத்திருந்தால் புரிந்திருக்காது.

கையில் பிடிக்கும்போது வார்ப்பட்டையை வளையல் மாதிரி தொளதொளவென்று விடாமல், உறைபோல இறுக்குங்கள். இரண்டு முழங்கையும் விலாவோடு ஒட்டியிருக்க வேண்டும். தூணோ சுவரோ இருந்தால் சாய்ந்துகொள்ளுங்கள். ஸ்டாண்டில் மாட்டியபிறகு ஆட்டத்தைத் தடுக்கிற வசதியை நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் மெதுவாகத் திருப்பும்போது படம் ரப்பர் மாதிரி பின்னால் இழுத்து வரும்.

இன்னொரு கூத்து. பட்டனை அமுக்கிவிட்டோம் என்று நினைத்து அமுக்காமல் விடுவோம், நிறுத்திவிட்டோம் என்று கேமராவைத் தொங்கவிடும்போது அது ஓடிக்கொண்டிருக்கும். என்னிடம் 40 நிமிடம் என் செருப்பும் மணலும் இருக்கிறது. சிவப்புப் புள்ளியை ஒவ்வொரு தடவையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வெட்கமாக இருந்தாலும் பரவாயில்லை.

கொடை அன்றைக்கு

ஊர்ப் பெரியவர்களிடம் முதலில் சொல்லிவிட வேண்டும். எதை எடுக்கலாம், எதை எடுக்கக்கூடாது என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். நடுச்சாமத்தில் சாமி வேட்டைக்குப் போவதைத் தொடர்ந்து போய் எடுக்கக்கூடாது என்று எங்கள் ஊரில் சொன்னார்கள். நான் போகவும் இல்லை. முதல் வருஷம் கேமரா மேல் ஒரு சின்ன எல்இடி விளக்கை மாட்டியிருந்தேன். சாமி வந்து ஆடுகிறபோது அதைப் போட்டுவிட்டேன். கோயில் தாத்தா ஒருவர் பக்கத்தில் வந்து, “ஏ பிள்ள, அந்த லைட்ட அமத்து. சாமிக்குக் கண்ணு கூசும்லா” என்றார். அன்றோடு அந்த விளக்கு தையல் மெஷினுக்குப் போய்விட்டது. கறுப்புத் துணிக்கு ஊசி கோக்க நன்றாக இருக்கிறது.

விளக்கு இல்லாமல் இருட்டில் எடுக்க, தானியங்கியை நம்பாமல் மூன்றைப் பூட்ட வேண்டும். போகஸ் முதலாவது. பந்தலில் விளக்கு எரிகிற நேரத்திலேயே வில் வைத்த இடத்தைப் பார்த்து போகஸ் வைத்து, மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். தானாக விட்டால் ஒவ்வொரு தடவை யாராவது குறுக்கே போகும்போதும் படம் மங்கித் தெளிந்து மங்கும். இரண்டாவது, வெளிச்ச அளவு. சுற்றிலும் இருட்டு என்பதால் கேமரா எல்லாவற்றையும் வெளுப்பாக்கப் பார்க்கும், பந்தத்தின் தீ வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும், பக்கத்தில் இருக்கிற முகமும் வெந்துபோகும். அளவைக் கையால் குறைத்து, தீயின் நாக்கு தனித்தனியாகத் தெரிகிற இடத்தில் நிறுத்துங்கள். சுற்றி இருப்பது கறுப்பாகப் போனால் போகட்டும், அது இருட்டுதானே. மூன்றாவது, நிறம். வொயிட் பேலன்ஸ் என்று மெனுவில் இருக்கும். அதை ‘அவுட்டோர்’, அதாவது வெயில் படத்தில் வையுங்கள். தானாக விட்டால் பந்தத்தின் செம்மஞ்சளைக் கேமரா ‘சரி’ செய்து ட்யூப்லைட் மாதிரி ஆக்கிவிடும். ‘லோ லக்ஸ்’ அல்லது ‘ஆட்டோ ஸ்லோ ஷட்டர்’ என்று ஒன்று இருந்தால் அணைத்துவிடுங்கள். வெளிச்சம் கூடுவதுபோல் தெரியும், ஆனால் ஆடுகிற கை எல்லாம் இழுவிப்போகும்.

இனி சத்தம். முதல் வருஷம் நான் தோற்றது இதில்தான்.

இடம் நன்றாக இருக்கிறதே என்று கூம்பு ஸ்பீக்கருக்கு நேர் எதிரே ஸ்டாண்டை வைத்தேன். படம் அருமை. பாட்டு முழுக்கத் தகரத்தைக் கிழிக்கிற மாதிரி. ஒரு அளவுக்கு மேல் சத்தம் வந்தால் அதன் உச்சியை மைக் வெட்டிவிடும், வெட்டியதைப் பிறகு ஒட்ட முடியாது. ஸ்பீக்கரின் வாய்க்கு முன்னால் நிற்காதீர்கள். பக்கவாட்டிலோ பின்னாலோ, மேடைக்குக் கிட்டே நில்லுங்கள். மெனுவில் மைக் அளவு இருந்தால் ‘லோ’வில் வையுங்கள். தானாக விட்டால் இன்னொரு தொல்லை. வில்லடித்து முன்னால் பாடுகிற அண்ணாவி பாட்டை நிறுத்திக் கதை சொல்கிற அமைதியில் கேமரா காதைத் தீட்டிக்கொண்டு ஜெனரேட்டர் சத்தத்தை ஏற்றும், வில் அடித்ததும் பயந்து எல்லாவற்றையும் இறக்கும். ஏற்றம் இறக்கம், ஏற்றம் இறக்கம் என்று ஊஞ்சல் மாதிரி ஆடும்.

ரேடியோ செட் அண்ணாச்சியின் மிக்ஸரிலிருந்து நேரே வயர் எடுக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். மைக் துளை இருக்கிற கேமராவில் முடியும். ஆனால் மிக்ஸரிலிருந்து வருவது மைக்குக்கான அளவைவிடப் பல மடங்கு பலமானது. நடுவில் சத்தத்தைக் குறைத்துத் தருகிற ஒரு வயர் வேண்டும், அது இல்லாமல் செருகினால் கிடைப்பது வெறும் இரைச்சல். அதோடு அவர் போடுகிற எக்கோவும் சேர்ந்து வரும். எக்கோவைக் குறைக்கச் சொல்லிப் பாருங்கள். நான் சொன்னேன், அண்ணாச்சி சிரித்துவிட்டு இன்னும் கொஞ்சம் கூட்டினார்.

அதனால் நான் கண்டுபிடித்த வழி இது. பழைய போன் ஒன்றை ஃப்ளைட் மோடில் போட்டு, குரல் பதிவு செய்கிற ஆப்பை ஓடவிட்டு, ஒரு கைக்குட்டையில் சுற்றி மேடையில் வில்லுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவேன். படம் கேமராவில், சத்தம் போனில். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் இரண்டையும் சேர்க்க வேண்டும். சேர்ப்பதற்கு ஒரு அடையாளம் வேண்டுமல்லவா, சினிமாக்காரர்கள் அதற்குத்தான் கட்டை அடிக்கிறார்கள். வில்லுப்பாட்டில் அது சும்மாவே கிடைக்கிறது. பாட்டு தொடங்கும்போது அண்ணாவி இரண்டு கையிலும் வீசுகோலை ஓங்கி வில்லின் நாணில் ஒரு அடி அடிப்பார், நாணில் கட்டிய மணி அத்தனையும் ‘கலீர்’ என்று குலுங்கும். படத்தில் கோல் நாணைத் தொடுகிற இடமும், சத்தத்தில் மணி எழும்புகிற முனையும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக வர வேண்டும். பட்டன் துளையை பட்டனுக்கு நேரே வைப்பதுபோல்தான்.

ஒரு எச்சரிக்கை. போனுக்கும் கேமராவுக்கும் கடிகாரம் வேறு வேறு. மூன்று நான்கு மணி நேரம் போனால் சத்தமும் உதடும் கொஞ்சம் கொஞ்சமாக விலகும். இடைவேளை விட்டு மறுபடி வில் அடிக்கிற ஒவ்வொரு இடத்திலும் வெட்டி, புதிதாகப் பொருத்திக்கொள்ளுங்கள்.

ஆடி மாதக் கொடையென்றால் காற்று இருக்கிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், மைக் எம்மாத்திரம். ‘புஸ் புஸ்’ என்று பாட்டையே தின்றுவிடும். மெனுவில் காற்றுச் சத்தம் குறைக்கிற வசதி இருக்கும், கொஞ்சம் குறைக்கும். அதைவிட நல்லது, பழைய கரடி பொம்மையின் ரோமத்துணியில் ஒரு விரல் அகலத் துண்டு வெட்டி, கேமரா முன்னால் இருக்கிற மைக் ஓட்டைகளுக்கு மேல் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டுங்கள். ரோமம் நீளமாக இருக்க வேண்டும், அடித்துணி மெலிசாக இருக்க வேண்டும். லென்ஸுக்குள் ரோமம் எட்டிப் பார்க்காமல் கத்தரித்துவிடுங்கள். கடையில் விற்கிற காற்றுத் தடுப்புக்கும் இதற்கும் வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

பகலில் எடுப்பதற்கு அவ்வளவு சொல்ல ஒன்றுமில்லை. ஆனித் தேரோட்டத்துக்கு நெல்லையப்பர் கோயில் ரத வீதியில் யாராவது மாடியில் இடம் கொடுத்தால் போய்விடுங்கள். கீழே நின்றால் முதுகும் தலையும்தான் கிடைக்கும். வானத்துக்கு எதிரே தேர் கறுப்பாகத் தெரிந்தால் வெளிச்ச அளவை இரண்டு படி கூட்டுங்கள். கூந்தன்குளத்தில் நாரையும் கூழைக்கடாவும் எடுக்கப் போகிறவர்கள் வெயில் ஏறுமுன் எடுத்துவிட வேண்டும். பத்து மணிக்கு மேல் தண்ணீர்மேல் சூடு அலை எழும்பும், முழு ஜூமில் பறவைகள் கானல் நீரில் மிதப்பதுபோல் நெளியும். அது கேமராவின் குற்றம் இல்லை.

வீட்டுக்கு வந்தபின்

இந்தக் கேமராக்களில் பெரும்பாலும் ‘ஏவிசிஎச்டி’ என்றும் ‘எம்பி4’ என்றும் இரண்டு விதமாகப் பதிவு செய்யலாம். எம்பி4 போனுக்கு அனுப்ப லேசு. ஆனால் நீண்ட பதிவுக்கு நான் ஏவிசிஎச்டியில்தான் வைப்பேன். எம்பி4 கோப்புக்கு அதன் பட்டியலைக் கேமரா பெரும்பாலும் கடைசியில்தான் எழுதும். நடுவில் பேட்டரி பட்டென்று போனால் அந்தக் கோப்பு திறக்காமலே போகலாம். ஏவிசிஎச்டியில் அதுவரை எழுதியது பெரும்பாலும் பிழைத்துவிடும்.

ஏவிசிஎச்டி கோப்பு கார்டில் ‘பிரைவேட்’ என்ற போல்டருக்குள் உள்ளே உள்ளே ஒளிந்திருக்கும். நீண்ட பதிவைக் கேமராவே 2 அல்லது 4 ஜிபி துண்டுகளாக வெட்டி வைத்திருக்கும். துண்டு துண்டாகப் பொறுக்காதீர்கள், கார்டு முழுவதையும் அப்படியே ஒரு போல்டரில் காப்பி பண்ணுங்கள். விஎல்சி பிளேயரில் ஓடும். இரண்டு இடத்தில் காப்பி இருக்கிறது என்று கண்ணால் பார்த்தபிறகே கார்டை அழியுங்கள்.

அடுத்த கொடை வரைக்கும் கேமரா சும்மா இருக்குமென்றால் பேட்டரியைக் கழற்றி, பாதி சார்ஜில் வையுங்கள். முழுசாகவும் வேண்டாம், காலியாகவும் வேண்டாம். ஐப்பசி கார்த்திகை மழைக்குக் கேமராவைத் துணிப்பையில் சுற்றி பீரோவில் வைக்காதீர்கள், மூடி இறுகிய ஒரு சில்வர் டப்பாவோ பிளாஸ்டிக் டப்பாவோ எடுத்து, மருந்து டப்பாக்களில் வருகிற சிலிக்கா பொட்டலங்களைச் சேர்த்துப் போட்டு வையுங்கள். மாதம் ஒருமுறை எடுத்து ஐந்து நிமிடம் ஓட்டுங்கள்.

போன ஆடியில் எடுத்ததைச் சேர்த்து முடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. பென்டிரைவில் போட்டுச் சின்ன மாமா வீட்டு டிவியில் காட்டினோம். முழு ராத்திரிப் பாட்டையும் இரண்டு நாளாக உட்கார்ந்து பார்த்தார். முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

“ஏம்மா, அண்ணாவி மட்டுந்தான் பாடுனாவளா? குடத்துச் சத்தத்தையே காணோம். நாங்கள்லாம் சும்மாவா இருந்தோம்?”

போனை அண்ணாவி முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன், அதனால்தான். இந்தத் தடவை இரண்டு போன், ஒன்று அவர் பக்கம். குடத்தை அடிக்கிற மட்டைக்குப் பத்தி என்று பெயர், அது குடத்து வாயில் விழுகிற அடி பலமானது என்பதால் ஒரு முழம் தள்ளி, கைக்குட்டையை இரண்டாக மடித்துச் சுற்றி வைக்கப்போகிறேன்.